சீப்புக்கு விழுந்த ஒரு ஓட்டு

இந்த நாட்டில் தேர்தலைச் சந்தேகப்படாத மனிதர் கிடையாது. தோற்றவரும் சந்தேகப்படுவார், ஜெயித்தவரும் 'இவ்வளவுதானா?' என்று சந்தேகப்படுவார். ஆனால் தன் ஒற்றை ஓட்டைப் பொறியில் வைத்து, ஒட்டுமொத்த ஜனநாயகத்தையும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோவளத்தில் என் பக்கத்து வீட்டில் இருந்தார். பெயர் 'ரெண்டு தபா'.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன், மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் தடவை என்பதைத் 'தபா' என்பார்கள். முட்டுக்காட்டில் படகு ஏறுகிறவர்களைத் தலை எண்ணி அனுப்புவது அவர் வேலை. ஏறும்போது ஒருமுறை எண்ணுவார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, "இருப்பா, இன்னொரு தபா" என்பார். போய் வந்ததும் இதே கூத்து. படகில் போனவர்களுக்கு உப்பங்கழியைவிட இவர் ஆள்காட்டி விரல்தான் அதிகம் நினைவிருக்கும்.

ஒருநாள் எட்டுப் பேர் போன படகு ஒன்பது பேரோடு திரும்பியது. மனிதர் யாரையும் இறங்க விடவில்லை. "போனது எட்டு. ஒம்போதாவது ஆளு தண்ணிக்குள்ளேந்தா ஏறுனான்?" என்று படகை அரைமணி நேரம் கயிற்றில் கட்டி நிறுத்திவிட்டார். போகும்போது ஒரு அம்மாளின் முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை, வரும்போது விழித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். "கொழந்தைன்னா மட்டும்? தலை தலைதானே?" என்று அதற்கும் சண்டை.

வீட்டில் இதைவிட மோசம். அவர் மனைவி சம்பூர்ணம் அக்கா சொல்வார்: "கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும் சார். தாலி கட்டிட்டு, மூணு முடிச்சும் வுழுந்துச்சா இல்லியான்னு அவுத்துப் பாக்கப் போனாரு இந்த ஆளு. எங்கப்பா கையைப் புடிச்சிக்கினாரு, நான் தப்பிச்சேன்."

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டிலிருந்து மாற்றலாகி அங்கே போன பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியாராய்ப் பிறந்தவனுக்குத் தேர்தல் என்றால் ஓட்டு கிடையாது, டூட்டிதான். ஏதாவது ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில், மூட்டைப்பூச்சி பெஞ்சில், அரக்கு உருக்கி சீல் வைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். நம் ஓட்டு தபாலில் போகும். போய்ச் சேர்ந்ததா என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. இதை ஒருமுறை காசிம் பாய் டீக்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையைச் சந்தையில் தொலைத்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல ரெண்டு தபா என்னைப் பார்த்தார்.

"எண்ணுனாங்களான்னு கேக்கவே இல்லியா வாத்யாரே?"

"யாரைப் போய்க் கேக்கறது? சரி, நீ யாருக்குப் போடுவே?"

"யாருமே போடாத ஆளுக்கு."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எனக்கு அப்போதும் இப்போதும் சின்னக் கட்சிகள் மேல் நம்பிக்கை கிடையாது. சின்னதாக இருக்கும்வரை யோக்கியம், பெரிதானால் மற்றவனுக்கு அண்ணன். "ஜெயிக்கிறவனுக்குப் போடு. இல்லேன்னா அவனைத் தோக்கடிக்கிறவனுக்குப் போடு. உதிரிக் கட்சிக்குப் போட்டு என்னய்யா மாறப்போவுது?" என்றேன்.

"மாத்தறதுக்கு யாரு போட்டா? பெரிய கட்சிக்கு நம்ம பூத்துல நூத்துக்கணக்குல வுழுது. அதுல என்து எண்ணுனானா, இல்லியா, எவனுக்குத் தெரியும்? உப்பங்கழில ஒரு சொம்பு தண்ணிய ஊத்திட்டு, என் தண்ணி எங்கேன்னு கேக்க முடியுமா? ஆரும் போடாதவனுக்கு நான் ஒருத்தன் போட்டேன்னு வை. ஒண்ணுன்னு வந்தா எண்றான். சைபர்னு வந்தா மாட்டிக்கினான்."

"அந்த வேட்பாளர் நல்லவரா கெட்டவரா?"

"அது நமக்கு இன்னாத்துக்கு? மொதல்ல எண்றானான்னு பாப்போம். மாத்தறதெல்லாம் அப்பால."

இப்படி ஒரு காரணத்துக்காகச் சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் தொண்ணூறுகள் முழுக்க அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. அப்போது வாக்குச்சீட்டுக் காலம். எங்கள் பூத் சீட்டுகளை வேறு பூத் சீட்டுகளோடு கலந்துதான் எண்ணினார்கள். கலக்குகிறார்கள் என்று நான் சொன்ன நாளில் அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். "திருடன்தான் வாத்யாரே கலப்பான்" என்றார்.

பிறகு இயந்திரம் வந்தது. பட்டனை அமுக்கிவிட்டு வந்தவரிடம் காசிம் பாய், "இன்னா அண்ணாத்தே, திருப்தியா?" என்று கேட்டார். "கீங்குனு கத்துது. கத்துனா எண்ணிட்டான்னு அர்த்தமா? ஆடு கூடத்தான் கத்துது" என்றார் ரெண்டு தபா. ஆனால் இயந்திரத்தில் ஒரு சௌகரியம். ஒவ்வொரு பூத்தின் கணக்கும் தனியாக வரும். வாக்கு எண்ணிய மறுநாள், ஒரு பெரிய கட்சியின் பூத் ஏஜெண்டான மீசைக்காரர் எங்கள் பூத் கணக்கைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். கடைசி வரியில் ஒரு குட்டிக் கட்சி. சின்னம் சீப்பு. ஓட்டு ஒன்று.

ரெண்டு தபாவுக்குத் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. அந்த மனிதர் சீப்புக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, துண்டுத்தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றார். "என்து! இது என்து! எண்ணிக் கீறான்!" கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார். வந்த கிளாஸ்களை ரெண்டு தபா எண்ணினார்.

இந்த இடத்தில் தண்ணீர்க் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருக் கிணறுகளெல்லாம் கடல் ஏறி உப்பாகிவிட்டன. வாயில் வைக்கிற தண்ணீருக்கு மெயின் ரோட்டைத் தாண்டி எதிர்ப்புறம் போகவேண்டும். ரோட்டை அகலமாக்கிய பிறகு அதில் கார் ஓடவில்லை, பறந்தது. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடத்தோடு பெண்கள் அதற்குக் குறுக்கே ஓடுவார்கள். தெருவுக்கு ஒரு குழாய் கேட்டு, இரண்டு பெரிய கட்சியிடமும் மாற்றி மாற்றி மனுக் கொடுத்தோம். இரண்டு பேருமே 'கண்டிப்பாக' என்றார்கள். அரசியல்வாதி கண்டிப்பாக என்றால் கண்டிப்பாக நடக்காது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த தேர்தல் வந்தது. நல்லவேளையாக அதே குட்டிக் கட்சி, அதே சீப்பு. ரெண்டு தபாவுக்கு இப்போது புதுச் சந்தேகம். போனதடவை விழுந்த ஒன்று தன்னுடையதுதானா? வேறு எவனாவது போட்டு, தன்னுடையதை எண்ணாமல் விட்டிருந்தால்? ஆகவே இந்தமுறை சீப்புக்கு வேறு யாரும் போடவில்லை என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளத் தீர்மானித்தார். வீடு வீடாகப் போனார்.

"இன்னாப்பா, நீ சீப்புக்குப் போடறியா?"

கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்காத மனிதர் வாசலில் வந்து நின்று கேட்கிறார். "இல்லை" என்றவர்களிடம், "நெசமாவா?" என்று மறுநாளும் வந்து கேட்டார். இவ்வளவு தூரம் நடையாய் நடக்கிறாரே, பாவம் என்று ஆகிவிட்டது. "சரி அண்ணாத்தே, போட்டுர்றேன், போ" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மனிதர் பதறிப்போய், "ஐயோ, போடாதே!" என்று கும்பிட்டார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பூத்தில் சீப்புக்கு நாற்பத்தொன்று!

மீசைக்காரர் கொண்டுவந்த தாளை ரெண்டு தபா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இழவு விழுந்த வீட்டு ஆளைப் போல உட்கார்ந்துவிட்டார். "நாப்பத்தொண்ணுல என்து எது வாத்யாரே?"

அவரைவிட ஆடிப்போனவர்கள் ஏஜெண்டுகள்தான். எங்கள் பூத்தில் இரண்டு பெரிய கட்சிக்கும் நடுவே எப்போதும் பத்துப் பதினைந்து ஓட்டுதான் வித்தியாசம். மீசைக்காரர் ஒரு பக்கமிருந்து வந்தார். அடுத்த கட்சி ஏஜெண்டான கண்ணாடிக்காரர் இன்னொரு பக்கமிருந்து வந்தார். "சீப்புக்காரன் எவ்ளோ குடுத்தான்?" என்று ஆளாளுக்கு விசாரணை. இதில் கூத்து என்னவென்றால், தோற்றுப்போன சீப்பு வேட்பாளரே ஒருநாள் பஸ் பிடித்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். அவருக்கும் சந்தேகம். "எங்க வூட்டாளுங்களே எனக்குப் போடலைங்க. இங்க எப்படி நாப்பத்தொண்ணு? இதுல எதுனா சூது கீதா?" என்று கேட்டார். ரெண்டு தபா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் ஜாதி மனுஷன் ஒருவரைப் பார்த்த சந்தோஷம்.

இரண்டே மாதத்தில் தெருவுக்குக் குழாய் வந்தது. அதுவும் சீப்புக் கட்சியின் ரகசியத் தலைவர் என்று கருதி, நேராக ரெண்டு தபா வீட்டு வாசலிலேயே நட்டார்கள். சம்பூர்ணம் அக்கா குழாய்க்குப் பொட்டு வைத்தார். ரெண்டு தபா மட்டும் முதல்நாள் தண்ணீரைக் குடிக்கவில்லை. "நாளைக்கும் வரட்டும். அப்பால பாப்போம்."

அவர் சந்தேகம் பலித்துத் தொலைத்தது. எட்டு மாதம் வந்த தண்ணீர் திடீரென்று நின்றது. திருகினால் உஸ் என்று காற்று. மீசைக்காரர் "மோட்டார் ரிப்பேரு" என்றார். கண்ணாடிக்காரர் "மேல சொல்லிக்கீறோம்" என்றார். பெண்கள் மறுபடியும் ரோட்டைத் தாண்டினார்கள். ஒருநாள் சம்பூர்ணம் அக்காவின் இடுப்புக் குடத்தை ஒரு கார் இடித்துக்கொண்டு போயிற்று. குடம் அப்பளமாகிவிட்டது. அக்கா முழங்கால் பிய்ந்து ஓரத்தில் கிடந்தார். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். ரெண்டு தபா அக்காவின் கைவிரல் கால்விரல்களை எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த தேர்தல் அறிவித்தார்கள். தெருப் பெண்களெல்லாம் வந்து, "அண்ணாத்தே, போனதபா மாதிரி வூடு வூடா வந்து கேளு. சீப்புக்கு வுழுந்தாத்தான் இவனுங்களுக்கு பயம் வருது" என்றார்கள். அவர் ஒப்பவில்லை. இந்தமுறை எல்லோரையும் விலக்கிவிட்டு, தன் ஒற்றை ஓட்டைச் சுத்தமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தார். பாவம், அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை அது.

சம்பூர்ணம் அக்கா கால்கட்டோடு வாசலுக்கு வந்தார். "இந்தாய்யா, ஒண்ணு சொல்லு. ஒனக்கு அந்த ஒத்த ஓட்டு முக்கியமா, என் ரெண்டு காலு முக்கியமா?"

மூன்றாம் நாள் ரெண்டு தபா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். அப்படி ஒரு பிரசாரத்தை இந்தத் தேசம் கண்டிருக்காது.

"சீப்புக்குப் போடு."

"போட்டா தண்ணி வருமா அண்ணாத்தே?"

"சந்தேகந்தான்."

"ஆளு நல்லவரா?"

"அதுவும் சந்தேகந்தான். பெரிய கட்சிக்குப் போட்டா வராதுன்றதுல மட்டும் சந்தேகம் இல்ல."

ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு தபா போனார். எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் டூட்டி போட்டிருந்தார்கள். தேர்தலுக்கு முதல்நாள் காலை அவர்தான் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். பை, போர்வை, தண்ணீர் பாட்டில் என்று என் சாமான்களை எண்ணிக் கொடுத்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து மறுபடியும் எண்ணினார்.

சீப்புக்கு ஐம்பத்தொன்பது. பெரிய கட்சிகளுக்கு நடுவே வித்தியாசம் பதினெட்டு. நான்காம் நாள் மோட்டாருக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. நாங்கள்தான் செய்தோம் என்று மீசைக்காரர் ஒருபக்கம், கண்ணாடிக்காரர் ஒருபக்கம் வந்து குழாயோடு நின்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் நான் அந்த ஊரில் இருந்த மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. இதைப் படித்துவிட்டு, சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் நாடு மாறிவிடும் என்று எனக்கு யாரும் கடிதம் போட வேண்டாம். நாடு மாறியதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருப் பெண்கள் ரோட்டைத் தாண்டுவது நின்றது, அது மட்டும் நிஜம்.

தெருவே குளிர்ந்து கிடந்தபோது ரெண்டு தபா மட்டும் சுருண்டு படுத்துவிட்டார். சோறு இறங்கவில்லை. "அம்பத்தொம்போதுல என்து கீதா இல்லியா? இனிமே தெரிஞ்சிக்கவே முடியாது. போச்சு."

சம்பூர்ணம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை எழுப்பிக் குழாயடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னார்: "சீப்புக்குப் போட்டவங்க இந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. போடாதவங்களும் தாராளமா தண்ணி புடிக்கலாம், ஒண்ணும் கேக்க மாட்டேன். பொய் மட்டும் வாணாம்."

யாருக்குப் போட்டாய் என்று கேட்பது தப்பு என்று தேர்தல் டூட்டி பார்த்த எனக்குத் தெரியாதா? ஆனால் யாரும் கேட்கவில்லை, அவர்களே சொன்னார்கள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நான் போட்டேன் அண்ணாத்தே" என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். காசிம் பாய் கடையைப் பாதியில் விட்டு வந்து, "நானும் எங்க வூட்டம்மாவும், ரெண்டு" என்றார். ரெண்டு தபா விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தார். நான் கிளாஸில் காபியோடு என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறி, வரிசை தீர்ந்து, குழாயடி காலியானது.

"அம்பத்தேழு" என்றார். "என்தைச் சேர்த்தா அம்பத்தெட்டு. மிசினு அம்பத்தொம்போதுன்னுது."

"வுடுய்யா, யாரோ ஒருத்தர் ஊருக்குப் போயிருப்பாங்க" என்றார் அக்கா.

"ஒருத்தன் ஒளிஞ்சிகினு கீறான்னா ரெண்டு பேரு ஒளிஞ்சிகினு இருக்கலாமே சம்பூர்ணம். அப்ப என்தை எண்ணலேன்னுதானே ஆவுது?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. மனைவியின் காலுக்காகத் தன் ஒரே ஆசையைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். காபி கிளாஸைத் திண்டின் மேல் வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"அந்த ஒண்ணு நான்தான்யா" என்றேன்.

சம்பூர்ணம் அக்கா என்னைச் சட்டென்று பார்த்தார். பொய் வேண்டாம் என்று சொன்னவர், வாயைத் திறக்கவில்லை. ரெண்டு தபா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் இடதுகை ஆள்காட்டி விரலைப் பார்த்தார். தெருவில் எல்லோர் விரலிலும் மை இன்னும் கறுப்பாக இருந்தது. என் விரல் வெறுமனே இருந்தது. என்னைத் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் சாமான் எண்ணி ஏற்றிவிட்டவரே அவர்தான். நான் விரலை மறைக்கக்கூட இல்லை. அவர் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"அப்ப சரி வாத்யாரே. அம்பத்தொம்போது. கணக்கு சரியா கீது" என்றார்.

எழுந்து, நிரம்பியிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்னொரு தபா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகையும் தாலியையும் ஜனநாயகத்தையும் சந்தேகப்பட்ட அந்த மனிதர், என் பொய்யை மட்டும் ஒரே தபாவில் ஏற்றுக்கொண்டார். அதற்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.